நொட்டேஷன் எடிட்டரில் கர்சர் எங்கே நிற்க வேண்டும்?

பிப்ரவரி 2, காலை 9.40 (கேள்வி)

ஸ்டாஃப் (ஐந்து கோட்டு மேற்கத்திய நொட்டேஷன்), ஸ்வரம் (கர்நாடக ஸ ரி க ம) இரண்டையும் எழுத ஒரு சின்ன எடிட்டர் செய்துகொண்டிருக்கிறேன். ஒரு விஷயம் பிடிபடவில்லை. டெக்ஸ்ட் எடிட்டரில் கர்சர் இரண்டு எழுத்துக்கு நடுவில் நிற்கிறது. தட்டினால் அங்கே சேர்கிறது, பின்னால் இருப்பது நகர்ந்து வழி விடுகிறது. நொட்டேஷன் மென்பொருள்கள் மட்டும் ஏன் இருக்கிற நோட்டை அழித்துவிட்டு அதன் மேலேயே எழுதுகின்றன? டெக்ஸ்ட் கர்சரை அப்படியே வைத்துவிட்டால் யாரும் புதிதாக ஒன்றும் பழக வேண்டியதில்லை என்பது என் கட்சி. மறுப்பு உண்டா?

பிப்ரவரி 2, மதியம் 1.15

உண்டு. 4/4 தாளத்தில் நாலு கிராச்செட் (ஒரு பீட் நீள நோட்) உள்ள ஒரு பாரை (இரண்டு தாளக்கோட்டுக்கு நடுவில் உள்ள பகுதியை) எடுங்கள்: சி, டி, ஈ, எஃப். கர்சர் இரண்டாம் பீட்டில், டி மேல் நிற்கிறது. மினிம் (இரண்டு பீட்) நீளத்தைத் தேர்ந்தெடுத்து ஜி தட்டுகிறீர்கள். மேலெழுதும் முறையில் கிடைப்பது சி, இரண்டு பீட் ஜி, எஃப். டியும் ஈயும் போய்விட்டன. எஃப் தன் நாலாம் பீட்டிலேயே இருக்கிறது, பாரும் நிறைந்திருக்கிறது. நீங்கள் சொல்லும் முறையில் சி, ஜி, டி மூன்றும் பாரை நிறைத்துவிடும். ஈ, எஃப் இரண்டும் அடுத்த பாருக்குள் விழும். அங்கே இருந்தவை அதற்கடுத்த பாருக்குப் போகும். 64 பார் பாட்டென்றால் கடைசி பார் வரை எல்லாம் இரண்டு பீட் தள்ளி நிற்கும்.

ஒற்றை மெலடியில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஸ்ட்ரிங் குவார்டெட்டில் முதல் வயலின் மட்டும் தள்ளிப்போகும், மற்ற மூன்றும் இருந்த இடத்திலேயே நிற்கும். கட்டுரையில் ஒரு வரி நீண்டால் கீழே உள்ள வரியின் பொருள் மாறுவதில்லை. ஸ்கோரில் மேலும் கீழும் இருப்பவை ஒரே கணத்தில் ஒலிப்பவை, ஒன்றை நகர்த்தினால் மொத்த ஹார்மனியும் கலைகிறது. அதனால்தான் மேலெழுதுவது இயல்பாகவும், செருகுவது கேட்டால் மட்டும் கிடைப்பதாகவும் வைத்திருக்கிறார்கள்.

செருகலே கூடாது என்று சொல்ல வரவில்லை. டோரிகோ என்ற நொட்டேஷன் மென்பொருளில் ஐ விசை அதைத் திறக்கும். தள்ளுவது இந்த வாய்ஸை (ஒரே ஸ்டாஃபில் தனியாக ஓடும் ஒரு வரியை) மட்டுமா, இந்த வாத்தியத்தையா, எல்லா ஸ்டாஃபையுமா என்று தேர்ந்தெடுக்கலாம். இதற்கு மேல் தள்ளாதே என்று ஒரு நிறுத்தக் கோடும் வைக்க முடியும். உங்கள் எடிட்டரில் செருகல் வைப்பதென்றால் அந்த நிறுத்தக் கோட்டை முதல் நாளே வையுங்கள். எழுதுபவர் கேட்பது பெரும்பாலும் "இந்த நாலு பாருக்குள் தள்ளு" என்பதுதான்.

பிப்ரவரி 2, மதியம் 1.30

விட்டுப்போனது: அழிப்பதற்கும் இதே விதி. டெலீட் அடித்தால் அந்த இடம் ரெஸ்ட் (மௌனம்) ஆக வேண்டும். பின்னால் உள்ளவை முன்னே இழுபடக் கூடாது.

பிப்ரவரி 2, இரவு 10.05

நிரலுக்குள் கர்சரை எப்படி வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். பக்கத்தின் எக்ஸ், ஒய் எண்களாக வைக்காதீர்கள். பக்க அகலம் மாறினாலோ, ஒரு வரியில் ஐந்து பாருக்குப் பதில் நாலு பார் வந்தாலோ, கர்சர் வேறு நோட்டின் தலையில் போய் உட்காரும். வைக்க வேண்டியவை மூன்று: எந்த ஸ்டாஃப், எந்த வாய்ஸ், பாட்டின் தொடக்கத்திலிருந்து எவ்வளவு காலம். திரையில் எங்கே வரைவது என்பதை ஒவ்வொரு முறையும் இந்த மூன்றிலிருந்து கணக்கிடுங்கள். காலத்தை டிக் (மிகச் சிறிய கால அலகு) எண்ணாக வைத்தால் போதும். மிடி கோப்புகளில் கிராச்செட்டுக்கு 480 டிக் என்பது பரவலான வழக்கம்.

இது தவிர அடுத்த தட்டலுக்காகக் கையில் பிடித்திருக்கும் சரக்கு ஒன்று உண்டு: தேர்ந்தெடுத்த நீளம், டாட் (நீளத்தை ஒன்றரை மடங்காக்கும் புள்ளி) உண்டா, ஷார்ப்பா ஃப்ளாட்டா, ட்ரிப்லெட்டுக்குள் (இரண்டு நோட்டின் நேரத்தில் மூன்று) இருக்கிறோமா. இது கர்சரோடு பயணிக்கும், ஆனால் ஸ்கோரில் இன்னும் எழுதப்படவில்லை. இந்த இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் பின்னால் சிக்கல் வரும்.

பிப்ரவரி 3, காலை 7.20

கர்சரின் உருவம் பற்றி. அடுத்த தட்டலில் என்ன நடக்கும் என்பது தட்டும் முன்பே தெரிய வேண்டும், அதற்குத்தான் அந்தக் கோடு. டோரிகோவில் கர்சர் ஸ்டாஃபுக்கு மேலும் கீழும் நீண்ட செங்குத்துக் கோடு. செருகல் முறைக்குப் போனால் அதன் இரு முனையிலும் வி வடிவக் கொக்கி வரும். கார்ட் (ஒரே கணத்தில் ஒலிக்கும் பல நோட்) சேர்க்கும் முறையில் மேல் ஓரத்தில் கூட்டல் குறி. கிரேஸ் நோட் (அலங்காரச் சிறு நோட்) என்றால் கோடே குட்டையாகிவிடும். கண் ஸ்டாஃபில் இருக்கும்போதே முறை தெரிந்துவிடுகிறது. டூல்பாரில் எந்தப் பொத்தான் அமுங்கியிருக்கிறது என்று தேட வேண்டாம்.

வாய்ஸுக்கு நிறம்: சிபேலியஸ், மியூஸ்ஸ்கோர் ஆகிய மென்பொருள்களில் முதல் வாய்ஸ் நீலம், இரண்டாவது பச்சை. மாற்றிக் குழப்ப வேண்டாம், அதையே வையுங்கள். ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்காகக் கர்சர் அடியில் 1, 2 என்று எண்ணும் போடுங்கள்.

ஜூம் குறைத்தால் கோடும் சேர்ந்து மெலிந்து காணாமல் போவது புதிதாக எழுதும் எடிட்டர்களில் வழக்கமான தவறு. ஸ்கோரோடு சேர்த்து அளவு மாற்றும் படலத்தில் கர்சரை வரைவதால் வருவது. தனிப் படலத்தில் வரைந்து, ஜூம் எதுவானாலும் திரையில் 2 பிக்சல் தடிமனாக நிறுத்துங்கள்.

பிப்ரவரி 3, இரவு 8.50

"கர்சர் நோட்டின் மேல் நின்றால் போதாதா, வெறும் காலத்தில் எதற்கு நிற்க வேண்டும்" என்று ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி, விடை நீளம்.

ஒரு பாரில் முதல் வாய்ஸ் முழுக்க ஒரே ஒரு செமிபிரீவ் (நாலு பீட் நோட்). மூன்றாம் பீட்டில் இரண்டாம் வாய்ஸை நுழைக்க வேண்டும். கர்சர் இருக்கிற நோட்டுகளுக்கும் ரெஸ்ட்களுக்கும் மட்டுமே தாவும் என்றால் மூன்றாம் பீட் என்ற இடமே அதற்குக் கிடையாது. மியூஸ்ஸ்கோரில் வழக்கமான வழி, இரண்டாம் வாய்ஸுக்கு மாறி முதலில் ஒரு மினிம் ரெஸ்ட் எழுதி, நோட்டை எழுதி, வேண்டாத ரெஸ்ட்டைப் பிறகு அழிப்பது. டோரிகோவில் கர்சரை நேராக மூன்றாம் பீட்டுக்கு நகர்த்தித் தட்டலாம், முன்னால் உள்ள ரெஸ்ட்டை மென்பொருளே நிரப்பும்.

இரண்டாவதையே எடுங்கள். அதற்கு ஒரு கிரிட் தேவை: அம்பு விசை ஒரு முறை அழுத்தினால் எவ்வளவு நகர வேண்டும் என்ற அளவு. டோரிகோவில் அம்பு கிரிட் அளவுக்கு நகர்த்தும், ஸ்பேஸ்பார் தேர்ந்தெடுத்த நோட் நீளத்துக்கு நகர்த்தும். இந்தப் பிரிவினை அருமையானது. கிரிட் குவேவர் (அரை பீட்), நீளம் டாட் வைத்த கிராச்செட் என்றால், ஸ்பேஸ் ஒரு தட்டில் மூன்று குவேவர் தாண்டும், அம்பு ஒவ்வொன்றாகப் போகும். இரண்டுக்கும் ஒரே அளவை வைத்தால் நீளத்தை மாற்றும்போதெல்லாம் அம்பின் நடையும் மாறி, கை தடுமாறும்.

பிப்ரவரி 4, காலை 6.45

நோட் நீளத்தைத் தேர்ந்தெடுக்கும் எண் விசைகள். ஃபினாலே மென்பொருளின் ஸ்பீடி என்ட்ரி முறையில் 5 என்றால் கிராச்செட், 4 குவேவர். மியூஸ்ஸ்கோரிலும் 5தான். டோரிகோவில் 6 கிராச்செட், 5 குவேவர். சிபேலியஸின் கீபேடில் 4 கிராச்செட். 1988 முதல் வந்த ஃபினாலேயை 2024 ஆகஸ்டில் நிறுத்துவதாக அறிவித்தார்கள், அதில் பழகிய கைகள் இப்போது வேறு மென்பொருள்களுக்கு வருகின்றன. 5 தட்டிக் கிராச்செட் எதிர்பார்த்தவருக்குக் குவேவர் வந்தால் எழுதியது எல்லாம் பாதி நீளத்தில் போகும், நாலு பார் கழித்துத்தான் கண்ணில் படும். விசைகளை மாற்றிக்கொள்ளும் வசதி கட்டாயம். கர்சர் பக்கத்தில் தேர்ந்தெடுத்த நீளத்தை மங்கலான நோட்டாகக் காட்டினால் முதல் தட்டலிலேயே பிடித்துவிடலாம்.

பிப்ரவரி 4, காலை 7.00

நீளம் முதலிலா, சுருதி முதலிலா? ஸ்பீடி என்ட்ரியில் ஒரு கையால் பியானோ கீயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் 5 தட்ட வேண்டும்: சுருதி முதலில். மற்றவற்றில் நீளம் முதலில். டோரிகோவில் கே விசை இரண்டுக்கும் நடுவே மாற்றும். இரண்டையும் வையுங்கள். எது முந்தி என்பது வாத்தியக்காரரின் கைப்பழக்கம். மாற்றச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

பிப்ரவரி 4, இரவு 9.30

அன்டூ: கடைசி நோட்டை எடுத்தால் கர்சரும் அது எழுதப்படும் முன் நின்ற இடத்துக்குத் திரும்ப வேண்டும். வாய்ஸ், தேர்ந்தெடுத்த நீளம் எல்லாம் அப்போது இருந்தபடி. நோட் மட்டும் மறைந்து கர்சர் முன்னாலேயே நின்றால், அடுத்த தட்டல் ஒரு பீட் தள்ளி விழும். நடுவில் ஒரு ரெஸ்ட் மிஞ்சும்.

பிப்ரவரி 5, மாலை 5.10

ஸ்டாஃபில் எழுத்து விசை தட்டும்போது எந்த ஆக்டேவ் (சுருதி மட்டம்) என்பதை யார் முடிவு செய்வது? முந்தைய நோட்டுக்கு அருகில் இருப்பதை எடு என்பதுதான் வழக்கம். எழுத்தாகத் தட்டியதை ஸ்கோராக்கும் லில்லிபாண்டின் ரிலேட்டிவ் முறையும் இதுவே: ஷார்ப், ஃப்ளாட்டைக் கணக்கில் எடுக்காமல் படிகளை மட்டும் எண்ணி, மூன்று படிக்குள் வருவதைத் தேர்ந்தெடுக்கும். சி-யிலிருந்து எஃப் மேலே மூன்று படி, மேலே போகும். சி-யிலிருந்து ஜி மேலே நாலு, கீழே மூன்று, ஆகவே கீழே போகும். தவறினால் கன்ட்ரோலோடு மேல் அம்பு, மியூஸ்ஸ்கோரில் எழுதிய நோட்டை ஒரு ஆக்டேவ் தூக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது முந்தைய நோட் எது என்பது. கடைசியாகத் தட்டிய நோட்டா, கர்சருக்கு இடப்புறம் இருக்கும் நோட்டா? நேராக எழுதிக்கொண்டு போகும்வரை இரண்டும் ஒன்று. கர்சரை மவுஸால் 20 பார் முன்னே கொண்டுபோனதும் பிரிந்துவிடும். எப்போதும் இடப்புற நோட்டையே எடுங்கள். நடுவில் ரெஸ்ட் இருந்தால் அதைத் தாண்டிப் பின்னால் தேடுங்கள். கார்டில் எது என்றால், லில்லிபாண்ட் கார்டில் முதலில் எழுதப்பட்ட நோட்டை எடுக்கும். அதையே வையுங்கள், மாறாமல் ஒன்றை வைப்பதுதான் முக்கியம்.

பிப்ரவரி 6, காலை 8.00

4ஆம் தேதி அன்டூ பற்றி எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். நீளம் திரும்பக் கூடாது.

வரிசையைப் பாருங்கள். ஜி கிராச்செட்டாக விழுந்துவிட்டது, வேண்டியது குவேவர். பலர் முதலில் 4 தட்டிக் குவேவருக்கு மாறுகிறார்கள், பிறகு அன்டூ செய்து ஜி-யை எடுக்கிறார்கள், பிறகு மறுபடி ஜி. அன்டூ நீளத்தையும் பழையபடி கிராச்செட் ஆக்கினால் மறுபடியும் அதே தவறு. பயனர் தன் கை மேல் சந்தேகப்படுவார். கையில் பிடித்திருக்கும் சரக்கு ஸ்கோரின் பகுதி இல்லை என்று 2ஆம் தேதி இரவு எழுதியதை நானே மறந்திருக்கிறேன். இடமும் வாய்ஸும் திரும்ப வேண்டும், நீளம், டாட், ஷார்ப் எல்லாம் இப்போது உள்ளபடி நிற்க வேண்டும்.

பிப்ரவரி 7, காலை 10.30

ஸ்வரத்துக்கு வருவோம். உங்கள் கட்சி இங்கேதான் வலுவாகத் தெரியும். ஸ்வரம் எழுத்தாகவே எழுதப்படுகிறது, பிறகென்ன டெக்ஸ்ட் கர்சர் போதாதா என்று தோன்றும். எனக்குப் பட்ட வரை, ஸ்டாஃபைவிட ஸ்வரத்தில்தான் அது அதிகமாகக் கெடுக்கிறது.

தமிழில் ஸ்வரத்தின் நீளம் எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. குறில் ஸ ஓர் அளவு. நெடில் ஸா இரண்டு. ஸா-வுக்குப் பின் காற்புள்ளி என்றால் மூன்று, அரைப்புள்ளி என்றால் நாலு. யூனிகோடில் ஸா என்பது ஸ, துணைக்கால் என்று இரண்டு குறிகள். பல எடிட்டர்களில் பேக்ஸ்பேஸ் கடைசிக் குறியை மட்டும் எடுக்கும். ஸா-வின் மேல் ஒரு பேக்ஸ்பேஸ் அடித்தால் ஸ மிஞ்சும். கண்ணுக்கு ஒரு கால்தான் போனது, தாளத்தில் ஓர் அளவு போய்விட்டது. அதே எடிட்டரில் ஸா-வுக்கு முன்னால் நின்று டெலீட் அடித்தால் முழு ஸாவும் போகும். இரண்டு விசைக்கு இரண்டு விதமான தாளப் பிழை.

அடுத்து தாளக்கோடு. சரளி வரிசை முதல் வரி:

ஸ ரி க ம | ப த | நி ஸ் ||

ஆதி தாளத்தின் அங்கங்கள்: லகு நாலு, திருதம் இரண்டு, திருதம் இரண்டு. இதில் க-வை நெடிலாக்குங்கள். டெக்ஸ்ட் எடிட்டரில் கோடும் ஓர் எழுத்து, அதனால் ம-வுக்குப் பின்னாலேயே நிற்கும். லகுவுக்குள் ஐந்து அளவு வந்துவிட்டது, ஆனால் வரி பார்க்க ஒழுங்காகவே இருக்கும். பிழை கண்ணுக்குத் தெரியாது, பாடும்போது தட்டும். கோட்டைப் பயனர் தட்டவே கூடாது. தாளம் என்ன என்று தலைப்பில் ஒரு முறை சொன்னால் மென்பொருள் கோடு போட வேண்டும், கர்சர் கோட்டின் மேல் நிற்காமல் தாண்ட வேண்டும். க-வை நீட்டினால் ம-வின் இடத்தை அது எடுத்துக்கொள்ள வேண்டும், ஸ்டாஃபில் சொன்ன அதே மேலெழுதுதல்.

பிப்ரவரி 7, காலை 11.10

மேல் ஸ்தாயிப் புள்ளியைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேலே கடைசி ஸ்வரத்தைப் பாருங்கள்: ஸ். தாரஸ்தாயிக்கு (மேல் ஆக்டேவுக்கு) தலையில் புள்ளி. தமிழில் தலையில் புள்ளி வைத்தால் அது மெய்யெழுத்து. பாடுபவர் மேல் ஷட்ஜம் என்று எடுத்துக்கொள்வார், கணினிக்கு அது இஸ். ஸ, க, ம, ப, த ஐந்துக்காவது புள்ளி ஒட்டும். ரி, நீ போல உயிர்க்குறி ஏறியவற்றின் மேல் புள்ளி தட்டினால் பல எழுத்துருக்களில் புள்ளிகளால் ஆன வெற்று வட்டம் ஒன்று பக்கத்தில் முளைக்கும். மந்திரஸ்தாயிக்கான (கீழ் ஆக்டேவ்) கீழ்ப்புள்ளி தமிழ் எழுத்துருக்களில் இன்னும் மோசம்.

ஆகவே புள்ளியை எழுத்தாகச் சேமிக்காதீர்கள். ஸ்வரம், ஸ்தாயி, தொடக்கக் காலம், நீளம் என்று நாலு தனி எண்களாக வையுங்கள். குறில் நெடிலும், காற்புள்ளியும், தலைப்புள்ளியும், இரண்டாம் காலத்துக்கான மேல்கோடும் வரையும்போது அந்த எண்களிலிருந்து பிறக்கட்டும். புள்ளியை எழுத்துருவை நம்பாமல் நீங்களே வட்டமாக வரையுங்கள். கர்சர் அப்போது ஸ்வரத்துக்கு ஸ்வரம் போகும், துணைக்காலுக்கும் கொக்கிக்கும் நடுவில் சிக்காது.

பிப்ரவரி 7, இரவு 9.00

ஸ்வரத்தில் ஸ்தாயியை எப்படி ஊகிப்பது? ஸ்டாஃபின் மூன்று படி விதியை அப்படியே போட்டால் மத்திய ஸ-வுக்குப் பின் ப தட்டும்போது கீழே போகும்: மேலே ரி, க, ம, ப நாலு படி, கீழே நி, த, ப மூன்று படி. மந்திர பஞ்சமம் வந்து நிற்கும். எழுதுபவர் பெரும்பாலும் நினைப்பது மத்திய பஞ்சமம்.

என் யோசனை: மூன்றா நாலா என்ற இழுபறி வரும்போது மட்டும், எது மத்திய ஸ்தாயியில் விழுகிறதோ அதை எடு. மற்ற தூரங்களில் அருகில் உள்ளதையே எடு. நி-க்குப் பின் ஸ தட்டினால் ஒரு படி, மேல் ஸ-வுக்குப் போகும். மேல் ஸ-வுக்குப் பின் த இரண்டு படி இறங்கும். மேல் ஸ-வுக்குப் பின் ப இழுபறி, மத்திய ப கிடைக்கும். ரி-க்குப் பின் த, க-வுக்குப் பின் நி, இரண்டும் மத்தியிலேயே இருக்கும்.

பிப்ரவரி 8, காலை 6.30

நேற்றைய விதியில் ஓட்டை: ப-வுக்குப் பின் ஸ. விதிப்படி மத்திய ஸ-வுக்கு இறங்கும். "ப ஸ்" என்று மேலே தாவுவதும் அதே அளவுக்குச் சகஜம். இதற்கு ஊகம் உதவாது. ஷிஃப்ட் பிடித்து எஸ் தட்டினால் மற்ற ஸ்தாயி என்று ஒரு வழி கொடுத்து, தட்டும் முன்பே கர்சர் பக்கத்தில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று மங்கலாகக் காட்டுங்கள். ராகத்தின் ஆரோகணம், அவரோகணம் தெரிந்தால் ரி1, ரி2 என்று ரி-யின் வகையை ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டாம். ராகத்தில் இல்லாத அன்னிய ஸ்வரத்துக்கு மட்டும் நட்சத்திரக் குறிக்கு ஒரு விசை.

பிப்ரவரி 8, காலை 6.40

ஸாகித்ய வரி (பாட்டின் சொற்கள்). கீழ் அம்பு அழுத்தினால் கர்சர் அதே காலத்தில் ஸாகித்யத்துக்கு இறங்க வேண்டும். அதே எழுத்து எண்ணிக்கையில் இறங்கினால் போச்சு. அசையை ஸ்வரத்தின் தொடக்கக் காலத்தோடு கட்டுங்கள். தமிழில் அசை பிரிக்கும்போது மெய் முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்ட வேண்டும்: "வந்தாள்" என்பது வந், தாள். ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்தால் ந் தனியாக ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பிப்ரவரி 9, பிற்பகல் 3.20

முதல் நாள் 480 டிக் போதும் என்றேன். போதாது. திருத்திக்கொள்ளுங்கள்.

480 நாலால், மூன்றால், ஐந்தால் மீதியின்றி வகுபடும். ஏழால் வகுத்தால் 68.57. மிஸ்ர நடையில் ஓர் அட்சரத்தை (தாளத்தின் ஓர் எண்ணிக்கையை) ஏழாகப் பிரித்து ஒவ்வொன்றையும் 68 என்று வைத்தால் கூட்டு 476, நாலு டிக் குறைகிறது. ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தில் 32 டிக். கர்சர் சமத்துக்கு (தாளச் சுற்றின் தொடக்கத்துக்கு) வந்துவிட்டதாகத் திரையில் தெரியும், உள்ளே வரவில்லை. அடுத்த ஸ்வரம் முந்தைய ஆவர்த்தனத்தின் (தாளச் சுற்றின்) வாலில் ஒட்டும், அல்லது கண்ணுக்கே தெரியாத ஒரு ரெஸ்ட் முளைக்கும். ஸ்டாஃபில் செப்டுப்லெட் எழுதினாலும் இதே கதை.

சதுஸ்ரம், திஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் ஐந்துக்கும், அதாவது 4, 3, 5, 7, 9க்கும் பொது மடங்கு 1260. அதைவிட நேர்வழி, காலத்தைப் பின்னமாக வைப்பது: தொகுதி, பகுதி இரண்டு முழு எண்கள், ஒவ்வொரு கூட்டலுக்குப் பின்னும் சுருக்கிவிடுங்கள். ஒப்பிடும்போது தசமத்துக்கு மாற்றாதீர்கள், குறுக்கே பெருக்கி ஒப்பிடுங்கள். மிடியாக வெளியே அனுப்பும்போது மட்டும் டிக் ஆக்கினால் போதும். அப்போதும் ஒவ்வொரு துண்டாக முழுமையாக்காமல், தொடக்கத்திலிருந்து உள்ள மொத்தக் காலத்தை முழுமையாக்க வேண்டும். அப்படிச் செய்தால் பிழை சேர்ந்துகொண்டே போகாது.

பிப்ரவரி 9, பிற்பகல் 3.35

ட்ரிப்லெட் கேட்டவருக்கு: மியூஸ்ஸ்கோரில் கன்ட்ரோல் 3 ஒரு ட்ரிப்லெட்டைத் திறக்கும், மூன்று நோட் முடிந்ததும் கர்சர் வெளியே வந்துவிடும். டோரிகோவில் நிறுத்தச் சொல்லும்வரை ட்ரிப்லெட்டாகவே தொடரும். பாட்டு முழுக்கத் திஸ்ர நடை என்றால் இரண்டாவது முறைதான் வசதி. ஆனால் முறை இன்னும் திறந்திருக்கிறது என்று கர்சர் தலையில் ஒரு 3 காட்டியே ஆக வேண்டும்.

பிப்ரவரி 11, இரவு 8.15

ஒலிக்கும்போது ஓடும் கர்சரை எழுதும் கர்சரோடு சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து நாலு பார் கேட்டுவிட்டு நிறுத்தினால், எழுதும் கர்சர் விட்ட இடத்திலேயே இருக்க வேண்டும். நிறுத்திய இடத்துக்குப் போக விரும்புபவருக்குத் தனி விசை.

ஓடும் கோடு தாவித் தாவிப் போவதற்குக் காரணம் இடைவெளி. ஸ்கோரில் இருமடங்கு நீள நோட்டுக்கு இருமடங்கு இடம் கொடுப்பதில்லை, ஏறத்தாழ 1.4 மடங்குதான். சீரான வேகத்தில் கோட்டை இழுத்தால் பீட்டில் சேராது. ஒவ்வொரு நோட்டின் காலத்தையும் எக்ஸ் இடத்தையும் ஜோடியாக வைத்து, இரண்டு ஜோடிக்கு நடுவில் மட்டும் சீராக நகர்த்துங்கள். எல்லா ஸ்டாஃபின் நோட்டுகளும் அந்தப் பட்டியலில் வர வேண்டும். ரிபீட் இருந்தால் ஒலிக்கும் காலமும் ஸ்கோர் காலமும் வேறு, இரண்டுக்கும் நடுவே ஓர் அட்டவணை தேவை.

புளூடூத் ஹெட்போனில் ஒலி 200 மில்லிசெகண்ட் வரை பிந்தலாம். 120 டெம்போவில் கிராச்செட் 500 மில்லிசெகண்ட், குவேவர் 250. கோடு கிட்டத்தட்ட ஒரு குவேவர் முன்னால் ஓடும். கோட்டைப் பிந்த வைக்க அமைப்பில் ஓர் எண் கொடுங்கள்.

பிப்ரவரி 12, காலை 9.00

திரைப் படிப்பான் பயன்படுத்துபவர்களை இதுவரை யாரும் பேசவில்லை. அவர்களுக்குக் கர்சர் என்பது காதில் விழும் வாக்கியம். ஒவ்வொரு அம்புக்கும் "பார் 12, பீட் 3, வாய்ஸ் 1, ஈ4, கிராச்செட்" என்று முழுதும் படித்தால் 16 நோட் தாண்ட ஒரு நிமிடம் ஆகும். மாறியதை முதலில் சொல்லுங்கள்: "ஈ4, கிராச்செட், பீட் 3". பார் மாறினால் மட்டும் பார் எண், வாய்ஸ் மாறினால் மட்டும் வாய்ஸ். அடுத்த அம்பு அழுத்தியதும் பழைய வாக்கியம் பாதியில் நிற்க வேண்டும். முழு விவரத்துக்குத் தனி விசை. ஸ்வரத்தில் "தார ஸ, இரண்டு அளவு, ஏழாம் அட்சரம்" என்று சொல்ல வேண்டும். எழுத்தை அப்படியே கொடுத்தால் குரல் "இஸ்" என்று படிக்கும்.

பிப்ரவரி 14, மாலை 6.00

எடுப்பு, அதாவது பாட்டு தாளத்தில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது பற்றிய கேள்விக்கு. டெக்ஸ்ட் கர்சர் கையை விரிக்கும் இடம் இது. அனாகத எடுப்பில் பாட்டு சமத்துக்குப் பின் அரை இடமோ முக்கால் இடமோ ஒன்றரை இடமோ தள்ளித் தொடங்கும். டெக்ஸ்டில் முதல் ஸ்வரத்துக்கு முன்னால் ஒன்றும் இல்லை, ஆகவே எழுதுபவர் காற்புள்ளிகளைத் தட்டி நிரப்புகிறார். முந்தைய ஸ்வரத்தின் கார்வைக்கும் (நீட்டலுக்கும்) அதே காற்புள்ளி. எது ஒலி, எது வெறுமை என்று கோப்புக்குத் தெரியாது. பிளேபேக்கில் இல்லாத ஸ்வரம் நீளும்.

காலத்தில் நிற்கும் கர்சருக்கு இது எளிது. கிரிட் கால் அட்சரம். ஹோம் விசை சமத்துக்குக் கொண்டுபோகும். வலது அம்பு இரண்டு முறை, அரை இடம். அங்கே ஸ தட்டுங்கள். முன்னால் உள்ள இரண்டு அளவுக்குக் கோப்பில் ஒன்றும் எழுதாதீர்கள், அச்சில் மட்டும் அரைப்புள்ளியாக வரையுங்கள். சமத்துக்கு முன்பே தொடங்கும் அதீத எடுப்புக்குச் சமத்தில் நின்று இடது அம்பு: கர்சர் பூஜ்யத்துக்குக் கீழே போக அனுமதியுங்கள், ஸ்டாஃபில் பிக்கப் பாருக்கும் (முதல் பாருக்கு முன் வரும் குறை பாருக்கும்) அதே வழி. முதல் ஆவர்த்தனத்தின் எண் 1 ஆகவே இருக்கட்டும், அதற்கு முன் வருவது 0.